தாயும் சேயும் நலம். அப்புறம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு மருத்துவச்சி. பிரசவ அறையில் 31 ஆண்டுகள் ஆகிவிட்டன. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, காத்திருப்பவர்களிடம் "தாயும் சேயும் நலம்" என்று சொல்லும் நொடிதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது. அதுவரை நின்றுகொண்டே இருந்தவர் சட்டென்று உட்கார்ந்துவிடுவார். ஒருவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுவார். இன்னொருவர் போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய், நான் சொன்ன அதே மூன்று சொற்களை ஒவ்வொருவருக்காகச் சொல்ல ஆரம்பிப்பார்.

அந்த மூன்று சொற்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நான் சொல்வது உண்மைதான். ஆனால் அது அந்த நிமிடத்துச் செய்தி. கேட்பவர்கள் அதை முடிந்துபோன காரியமாக எடுத்துக்கொள்கிறார்கள். பத்து மாதம் பதறிய வீடு அன்றோடு மூச்சு விட்டுவிடுகிறது.

பிரசவ மரணங்களைக் கணக்கெடுக்கிறவர்கள் அப்படி நிறுத்துவதில்லை. கர்ப்பம் முடிந்து 42 நாள் வரை எண்ணுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2023ஆம் ஆண்டில் கர்ப்பம், பிரசவம், அதற்கடுத்த இந்த 42 நாட்கள் ஆகியவற்றில் உலகம் முழுவதும் சுமார் 2,60,000 பெண்கள் இறந்தார்கள். 2022இல் பிறந்து 28 நாள் ஆவதற்குள் இறந்த குழந்தைகள் 23 லட்சம். அதில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு முதல் வாரத்திலேயே. அதாவது, எல்லோரும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்கும் அதே வாரத்தில்.

உங்கள் நாளிதழில் கர்ப்பிணிகளுக்கான பக்கங்களை நான் விடாமல் படிக்கிறேன். நன்றாகவே இருக்கின்றன. பிரசவத்துக்குப் பிறகு வருவதைப் பற்றித்தான் போதிய அளவு காணோம். ஒரு கோரிக்கை இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் என் தங்கைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அவளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தபோது நான் பக்கத்தில் இல்லை. சுகப்பிரசவம். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஐந்தாம் நாள் காலையில் போனில் பேசினோம். "தலை வெடிக்குதுக்கா, தூக்கமே இல்ல, அதான் போல" என்றாள். தூக்கம் இல்லை என்பது உண்மைதான். பிள்ளை பெற்றவள் யார் தூங்குகிறாள்? வலி மாத்திரை போட்டும் கேட்கவில்லையாம். பிரசவம் பார்த்த இடத்துக்குப் போன் செய்து கேட்டிருக்கிறாள். நன்றாக ஓய்வெடுங்கள், ஆறாவது வாரப் பரிசோதனைக்கு வந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். சரி, வைக்கிறேன் என்று நான் சொல்லப்போகும் நேரத்தில், "கண்ணு முன்னாடி பூச்சி பறக்குற மாதிரியே இருக்குக்கா" என்றாள்.

ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். 170/110. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் எல்லோரும் குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இவள் இருட்டு அறையில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் வேறொரு மருத்துவமனையில் சேர்த்து, வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட் மருந்தும் அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தும் ஏற்றினார்கள். வலிப்பு வரவில்லை. பிழைத்தாள்.

கர்ப்பகாலத்து ரத்த அழுத்தம் பிரசவம் ஆனதும் போய்விடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை. நோயின் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. அது வெளியே வந்த பிறகே உடம்பு தேறத் தொடங்கும். ஆனால் கெட்டுப்போன ரத்தக்குழாய்கள் ஒரே நாளில் சரியாகிவிடாது. பிரசவத்துக்குப் பிந்தைய மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள்வரை அழுத்தம் ஏறுவதும் சாதாரணமாக நடப்பதுதான். ஆறு வாரம் வரைக்கும் இந்த ஆபத்து உண்டு. கர்ப்பமாக இருந்தபோது ஒரு நாள்கூட அழுத்தம் ஏறாதவளுக்கும் வரலாம். என் தங்கைக்கு அப்படித்தான் வந்தது. மாத்திரைக்கு அடங்காத தலைவலி, கண் மங்குதல், பூச்சி பறப்பது அல்லது மின்னுவது, விலா எலும்புக்குக் கீழே மேல்வயிற்றில் வலி, திடீரென்று முகமும் கையும் வீங்குவது, மூச்சு வாங்குவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் காலைவரை காத்திருக்க வேண்டாம். அளந்து பார்த்து 140/90 இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். 160/110 என்றால் அது அவசரம், நிமிடக் கணக்கு. மெக்னீசியம் சல்பேட் வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதியாகக் குறைக்கிறது என்பதை 10,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்திய ஆய்வு 2002இலேயே காட்டிவிட்டது. மருந்து இருக்கிறது. அந்தப் பெண் அதனிடம் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து உதிரப்போக்கு. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி விழுந்த பிறகு நான் அடிவயிற்றை அழுத்திப் பார்ப்பேன். கால் மணிக்கு ஒரு தடவை வந்து அழுத்துவேன். பெண்களுக்கு என் மேல் கோபம் வரும் நேரம் அது. "இப்பத்தானே எல்லாம் முடிஞ்சுது, விடுங்களேன்" என்பார்கள். அவர்களுக்குக் காரணத்தைச் சொல்லிவிட்டு அழுத்தினால் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பதை நான் கற்றுக்கொள்ளவே சில வருடங்கள் ஆயின். காரணம் இதுதான். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் அத்தனை குழாய்களும் திறந்து கிடக்கும். அவற்றை மூடுவதற்குத் தையலோ கட்டோ கிடையாது. கர்ப்பப்பையின் தசை பின்னல்போல் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிறது. அது இறுகினால்தான் குழாய்கள் நெரிபட்டு ரத்தம் நிற்கும். தொப்புளுக்குப் பக்கத்தில் பந்துபோல் கெட்டியாக என் கையில் தட்டுப்பட்டால் எனக்கு நிம்மதி. மெத்தென்று இருந்தால் உடனே வேலை இருக்கிறது. தசை இறுகத்தான் குழந்தை பிறந்தவுடன் ஆக்சிடோசின் ஊசி போடுகிறோம். அடிக்கடி சிறுநீர் கழிக்கச் சொல்வதும் அதற்காகத்தான். நிரம்பிய சிறுநீர்ப்பை கர்ப்பப்பையை இறுக விடாது.

வீட்டுக்குப் போன பிறகு இந்தக் கையை யார் வைப்பது? அதனால் அவளே தெரிந்து வைத்திருக்க வேண்டும். முதல் மூன்று நான்கு நாள் போக்கு சிவப்பாக இருக்கும். அப்புறம் பழுப்பு கலந்த இளஞ்சிவப்பு, அப்புறம் வெளிர் மஞ்சள். நாலு வாரம், ஆறு வாரம்கூட நீடிக்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்தால், எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி விழுந்தால், வெளுத்துக்கொண்டு வந்த போக்கு மறுபடி பளிச்சென்ற சிவப்பாகித் தொடர்ந்து கொட்டினால், எழுந்தால் கண் இருட்டினால், போய்விடுங்கள். பத்தாம் நாளிலும் இருபதாம் நாளிலும்கூட இது நடக்கிறது. நஞ்சுக்கொடித் துணுக்கு உள்ளே தங்கியிருக்கலாம், கிருமி பிடித்திருக்கலாம். நாற்றம் வருவதும், அடிவயிற்று வலியோடு 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் வருவதும் கிருமியின் வேலை. "பால் கட்டிய காய்ச்சல்" என்று எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்துவிடுகிறார்கள். மார்பு சிவந்து, ஓரிடம் கெட்டித்து, தொட்டால் வலிக்கிறது என்றால் அது மார்பிலிருந்து வரும் காய்ச்சல். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. மார்பில் ஒன்றுமே இல்லாமல் காய்ச்சல் என்றால் அதற்குப் பால் காரணம் இல்லை.

காய்ச்சல் என்றதும் எங்கள் தொழிலின் பழைய கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. 1840களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள், மற்றொன்றில் மருத்துவச்சிகள். மாணவர்கள் பிரிவில் பிரசவக் காய்ச்சலால் தாய்மார்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். மருத்துவச்சிகள் பிரிவில் சாவு மிகவும் குறைவு. அந்தப் பிரிவில் சேர்க்கச் சொல்லிக் கெஞ்சிய பெண்கள் உண்டு. பிணங்களை அறுத்துப் படித்துவிட்டு அதே கையோடு மாணவர்கள் பிரசவம் பார்க்க வந்ததே காரணம் என்று அங்கே வேலை பார்த்த இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் கண்டுபிடித்தார். 1847இல் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்ததும் சாவு சரசரவென்று இறங்கியது. அவர் வாழ்ந்த காலத்தில் அவரை யாரும் சரியாக நம்பவில்லை. நான் புதிதாக வரும் பயிற்சி மாணவிகளுக்கு முதல் நாளே இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன். குழந்தையைப் பார்க்க வருகிறவர்களுக்கும் சொல்ல ஆசை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தையைத் தூக்காதீர்கள். உதட்டில் கொப்புளம் இருந்தாலோ சளி இருந்தாலோ முத்தமே வேண்டாம். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று வீட்டுக்காரர்கள் தடுக்க வேண்டும்.

இனி குழந்தை. பிறந்த குழந்தை ஈரமாக வருகிறது. 37 டிகிரி வெப்பத்தில் இருந்துவிட்டு ஒரு நொடியில் குளிர்ந்த அறைக்கு வருகிறது. துடைத்து, வெற்று உடம்போடு தாயின் மார்பில் படுக்க வைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்தினால் அவள் உடம்பே அதற்குக் கணப்பு. மூச்சு சீராகும், அழுகை நிற்கும், கொஞ்ச நேரத்தில் தானே வாயைத் திறந்து தேட ஆரம்பிக்கும். நான் ஆயிரக்கணக்கான தடவை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் அந்தத் தேடலைப் பார்க்க நின்றுவிடுவேன். குறைமாதக் குழந்தைகளுக்கு இன்குபேட்டர் போதாமல் போனபோது, 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் எட்கர் ரே என்ற மருத்துவர் இதையே சிகிச்சையாக ஆரம்பித்தார். கங்காரு முறை என்று பெயர் பெற்றது. வசதி இல்லாத இடத்துக்கான மாற்று ஏற்பாடாகப் பிறந்தது இன்று எல்லா இடத்துக்கும் பரிந்துரைக்கப்படுகிறது. தாய் மயக்கத்தில் இருந்தால் தகப்பன் மார்பும் ஆகும். சட்டையைக் கழற்றச் சொன்னால் முதலில் கூச்சப்படுவார்கள். அரை மணி கழித்துத் திரும்பக் கேட்டால் தரமாட்டார்கள்.

முதல் 24 மணி நேரம் குளிப்பாட்ட வேண்டாம். உடம்பில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பூச்சு அழுக்கு இல்லை, தோலுக்குக் காப்பு. தொப்புள் கொடியில் எதையும் தடவ வேண்டாம், காய்ந்து ஒன்று இரண்டு வாரத்தில் தானே விழும். சுற்றிலும் தோல் சிவந்தாலோ சீழ் வந்தாலோ உடனே காட்டுங்கள். மல்லாக்காகப் படுக்க வையுங்கள், தலையணை வேண்டாம். பிறந்தவுடன் போடும் வைட்டமின் கே ஊசியை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அது மூளைக்குள் ரத்தம் கசிவதைத் தடுக்கிறது.

இந்த 31 ஆண்டில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் "பால் வரல" என்பதுதான். முதல் நாள் மாலையிலேயே ஆரம்பித்துவிடும். தாய் சொல்வதைவிடச் சுற்றி நிற்பவர்கள் சொல்வதுதான் அதிகம். அவளோ குற்றவாளிபோல் என் முகத்தைப் பார்ப்பாள். பிறந்த அன்று குழந்தை ஒரு வேளைக்குக் குடிப்பது ஐந்து ஏழு மில்லிதான், ஒரு தேக்கரண்டி. சீம்பால் அந்த அளவுக்குத்தான் சுரக்கும், அந்த அளவு போதும். கெட்டியாக, மஞ்சளாக, நோய் எதிர்ப்புச் சத்து நிறைந்து வருகிறது அது. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் மார்பு கனத்துப் பால் இறங்கும். இந்த இடைவெளியில் பயந்துபோய்ப் புட்டியைக் கையில் எடுக்கிறார்கள். புட்டியில் வயிறு நிறைந்த குழந்தை மார்பை உறிஞ்சாது. உறிஞ்சாவிட்டால் சுரக்காது. "பார்த்தீங்களா, பால் இல்லைன்னு அப்பவே சொன்னோமே" என்பார்கள். அந்தப் பெண் வாழ்நாள் முழுக்க அதை நம்பிக்கொண்டிருப்பாள்.

குடித்தது போதுமா என்பதை மார்பைப் பிழிந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. துணியை எண்ணுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது நன்றாக நனைய வேண்டும். மலம் முதலில் தார்போல் கறுப்பு, பிறகு பச்சை, நான்கைந்து நாளில் மஞ்சள் என்று மாற வேண்டும். முதல் சில நாளில் எடை குறைவது இயல்பு. பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது, இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை கொடுங்கள். கையை வாயில் வைத்துக்கொண்டு தலையைத் திருப்பித் தேடும்போதே கொடுத்துவிட வேண்டும், அழுகை பசியின் கடைசி அடையாளம். வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளிப்பக்கம் மடிந்து, மோவாய் மார்பில் அழுந்தியிருந்தால் சரியாகப் பிடித்திருக்கிறது. முதல் சில நொடி இழுத்துப் பிடிப்பது தவிர, கொடுக்கும் நேரம் முழுக்க உயிர் போகிற வலி என்றால் பிடிப்பு சரியில்லை. "ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும், பல்லைக் கடிச்சுக்கோ" என்று சொல்லாதீர்கள். சுண்டுவிரலை வாயோரம் விட்டு எடுத்து, மறுபடி பிடிக்க வையுங்கள். ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குழந்தையின் தசைகளையும் மூச்சையும் முடக்கிவிடும்.

எவ்வளவு முயன்றும் பால் போதாத தாய்மார்கள் உண்டு. ரத்தம் அதிகம் போனவள், தைராய்டு சிக்கல் உள்ளவள், மார்பில் அறுவை செய்துகொண்டவள் எனச் சிலர். அவர்கள் மருத்துவர் சொல்படி புட்டிப்பால் கொடுக்கிறார்கள், குழந்தை நன்றாக வளர்கிறது. அவர்களைக் குத்திக்காட்டிப் பேசுகிறவர்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

பச்சைக் குழந்தைக்கு நோய் வந்தால் பெரியவர்களைப் போல வெளியே தெரியாது. ஒரு பாட்டி ஒன்பது நாள் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. "அழுகையே மாறிப்போச்சும்மா, மார்பைப் புடிச்சா ரெண்டு சப்பு சப்பிட்டு விட்டுடுறான்" என்றார். வழியில் இரண்டு பேர் சாதாரணம்தான் என்று சொல்லியும் கேட்காமல் வந்தவர். தொட்டுப் பார்த்தேன், உள்ளங்கால் ஜில்லென்றிருந்தது. வெப்பம் 35.2 டிகிரிதான். ரத்தத்தில் கிருமித்தொற்று. பத்து நாள் மருந்து ஏற்றி அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போனான். அந்தப் பாட்டியின் காது காப்பாற்றியது அவனை. சமத்தாக எந்நேரமும் தூங்குகிறது, அழவே இல்லை என்று ஒரு வீட்டில் பெருமையாகச் சொன்னால், நான் முதலில் எழுப்பிப் பால் குடிக்க வைத்துத்தான் பார்ப்பேன்.

பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, வலிப்பு, விலாவுக்குக் கீழே பள்ளம் விழ மூச்சு இழுப்பது, 37.5க்கு மேல் காய்ச்சல், 35.5க்குக் கீழே குளிர்ச்சி. இதில் எதுவானாலும் உடனே கிளம்ப வேண்டும். மூச்சை எண்ணும்போது முழு நிமிடம் எண்ணுங்கள். பச்சைக் குழந்தை கடகடவென்று மூச்சு விட்டு, சில நொடி நிறுத்தி, மறுபடி விடும். கால் நிமிடம் எண்ணிப் பெருக்கினால் தப்பாகிவிடும். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு தடவை எண்ணுங்கள். மறுபடியும் 60 என்றால் மருத்துவமனை.

காமாலையைப் பற்றி ஒன்று. நிறைமாதக் குழந்தைகளில் பத்தில் ஆறுக்கு இரண்டாம் மூன்றாம் நாள் மஞ்சள் தெரியும். பெரும்பாலும் தானே போய்விடும். ஆனால் முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் வந்தாலோ, எந்த நாளானாலும் உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினாலோ ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருளின் அளவு பார்த்தே ஆக வேண்டும். அது மிஞ்சினால் மூளைக்குள் படிந்துவிடும். கேட்கும் திறன் போகும், கைகால் கட்டுப்பாடு போகும், அது திரும்பி வராது. காலை வெயிலில் காட்டினால் போதும் என்று நாட்களைக் கடத்திவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீல ஒளி விளக்கின் கீழ் வைக்கும் சிகிச்சைக்கு வெயில் ஈடாகாது. அளவும் கிடையாது, குழந்தை குளிர்ந்தும் போகும்.

இவ்வளவு நேரம் உடம்பைப் பற்றிச் சொன்னேன். மனதைப் பற்றிச் சொல்வது எனக்குக் கொஞ்சம் கடினம்.

என் இரண்டாவது மகன் பிறந்தபோது நான் ஒன்பது ஆண்டு அனுபவமுள்ள மருத்துவச்சி. மூன்றாம் நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வரும், இரண்டு வாரத்துக்குள் தெளிந்துவிடும் என்று மற்றவர்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். எனக்கு அழுகையே வரவில்லை. அதனால்தான் எனக்கே தெரியாமல் போனது. பால் கொடுத்தேன், துணி மாற்றினேன், எல்லாம் நேரத்துக்குச் செய்தேன். அவனைப் பார்த்தால் உள்ளே ஒன்றும் அசையவில்லை. அவன் தூங்கும்போது தூங்காமல் ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருப்பேன். நான் இல்லாவிட்டால் இவர்கள் எல்லோரும் நன்றாக இருப்பார்கள் என்று ஒரு நாள் தோன்றியது. பயமில்லாமல், சாதாரணமாகத் தோன்றியது. ஆறாவது வாரம் உடன் வேலை பார்த்த அக்கா ஒருவர் வந்தார். குழந்தையை எட்டிப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ எப்படி இருக்கே?" என்று கேட்டார். நல்லா இருக்கேன் என்றேன். அவர் எழுந்து போகாமல் பேசாமல் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து நான் சொல்ல ஆரம்பித்தேன்.

மாத்திரையும் பேச்சுச் சிகிச்சையும் சேர்ந்து எனக்கு ஏழெட்டு மாதம் ஆனது. பால் கொடுத்துக்கொண்டே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. உலக அளவில் பிள்ளை பெற்ற பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல் வருகிறது, பெரும்பாலும் மனச்சோர்வு. மனச்சோர்வு இருக்கிறதா என்று கண்டறிய, எடின்பரோ அளவுகோல் என்று 1987இல் வெளியான பத்துக் கேள்விகள் இருக்கின்றன. பதில் சொல்ல ஐந்து நிமிடம் ஆகும். பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று தயங்குகிறார்கள். அப்படி ஆகாது. எனக்கு யாராவது முன்னாலேயே கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். இதிலிருந்து வேறான இன்னொன்றும் உண்டு. ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு முதல் இரண்டு வாரத்திலேயே மனம் பேதலித்துப் போகும். தூக்கமே தேவைப்படாததுபோல் இருப்பாள், இல்லாத குரல் கேட்கும், குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசுவாள். அவளைத் தனியே விடாதீர்கள், அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அது நோய், குணமாகக்கூடிய நோய்.

வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், கணவர் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போன பிறகு, என் காதோரம் வந்து கேட்பார்கள். எப்போதிலிருந்து சேரலாம்? தும்மினால் சிறுநீர் கசிகிறதே? இன்னும் தீட்டு வரவில்லை, கர்ப்பம் தரிக்குமா? தையல் ஆறி, போக்கு நின்று, அவளுக்கு மனமிருந்தால் சேரலாம். அவளுக்கு மனமிருந்தால் என்பதை நான் சத்தமாகவே சொல்வேன். சிறுநீர் கசிவது அடிப்பகுதித் தசை தளர்ந்ததால். சிறுநீரை அடக்குவதுபோல் அந்தத் தசையை இறுக்கி, சில நொடி வைத்திருந்து விடும் பயிற்சியைத் தினமும் செய்யலாம். மூன்று மாதம் செய்தும் சரியாகாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள், பிள்ளை பெற்றால் இதெல்லாம் இருக்கும் என்று ஆயுசுக்கும் சுமக்க வேண்டாம். கர்ப்பத்தைப் பொறுத்தவரை, முதல் தீட்டுக்கு முன்னாலேயே கருமுட்டை வந்துவிடும். பால் கொடுக்காதவளுக்கு நான்கு வாரத்திலேயே வரலாம். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, தீட்டும் வராமல் இருந்தால், இந்த மூன்றும் சேர்ந்து இருக்கும்வரை 98 சதவீதம் பாதுகாப்பு உண்டு. ஒன்று தவறினாலும் வேறு வழி வேண்டும். காப்பர் டி பிரசவம் ஆன 48 மணி நேரத்துக்குள்கூடப் போட்டுக்கொள்ளலாம். அடுத்த கர்ப்பத்துக்கு முன் 24 மாதமாவது இடைவெளி கொடுத்தால் தாய்க்கும் அடுத்த குழந்தைக்கும் நல்லது. அடுத்ததைத் திட்டமிடும்போது ஃபோலிக் அமிலத்தைக் கர்ப்பம் தரிக்கும் முன்னாலேயே ஆரம்பிக்க வேண்டும். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழல் கருவுற்ற 28 நாளில் மூடிவிடுகிறது. அப்போது பலருக்குத் தான் கர்ப்பம் என்பதே தெரிந்திருக்காது.

இப்போது என் கோரிக்கை. பிரசவத்துக்குப் பிறகு நான்கு தடவையாவது தாயையும் சேயையும் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதல் 24 மணி நேரத்தில், 48இலிருந்து 72 மணி நேரத்துக்குள், 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள், பிறகு ஆறாவது வாரத்தில். என் தங்கைக்கு ஆறாவது வாரம் ஒன்றைத்தான் சொல்லியிருந்தார்கள். இந்த நான்கு தேதிகளையும், தாயின் ஆபத்து அறிகுறிகளையும் குழந்தையின் ஆபத்து அறிகுறிகளையும் ஒரு சிறிய கட்டத்தில் போட்டு, வாரம் ஒருமுறை, ஒரே பக்கத்தில், ஒரே இடத்தில் வெளியிடுங்கள். ஒரு தடவை கட்டுரையாகப் போட்டால் போதாது. இன்று படிப்பவருக்கு இன்று தேவைப்படாது. தேவைப்படும் நாளில் கையில் கிடைக்க வேண்டும், வெட்டிச் சுவரில் ஒட்டிவைக்கிற மாதிரி இருக்க வேண்டும். வாசகங்களை நானே எழுதித் தருகிறேன். ஒரு மகப்பேறு மருத்துவரையும் ஒரு குழந்தை மருத்துவரையும் கொண்டு சரிபார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

தங்கைக்கு அப்படி ஆன பிறகு, கதவைத் திறந்து நான் சொல்வதை மாற்றிக்கொண்டேன். "இப்போதைக்குத் தாயும் சேயும் நலம். இன்னும் ஆறு வாரம் இரண்டு பேரையும் கவனிங்க" என்கிறேன். சிலருக்கு முகம் சுருங்கும், நல்ல வார்த்தை சொல்லும் நேரத்தில் இதென்ன என்று. பரவாயில்லை. கூடவே, கையால் எழுதிப் பிரதி எடுத்த ஒரு தாளையும் கொடுக்கிறேன். கணவரிடம்தான் கொடுப்பேன், சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லி. போன மாதம் ஒருவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு இரவு இரண்டு மணிக்கு மனைவியை அழைத்துக்கொண்டு வந்தார். எட்டாம் நாள். 160/100.

என் கையால் ஒரு நாளைக்கு நாலைந்து பேருக்குத்தான் தாள் கொடுக்க முடிகிறது. உங்கள் தாள் விடிவதற்குள் எத்தனையோ வாசலில் போய் விழுகிறது. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருத்துவச்சி